மோட்டுவளையிலிருந்து மொட்டை மாடிக்கு: தென்சென்னைச் சாய்கூரைகளின் அமைப்பும் கட்டுமானமும்

ஆய்வுச்சுருக்கம்

சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் சாய்கூரைகள் எவ்வாறு கட்டப்பட்டன, அவற்றின் உறுப்புகள் எவ்வாறு இயங்குகின்றன, எக்காரணங்களால் அவை மட்டத் தளத்திற்கு இடங்கொடுத்தன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. சாய்கூரையை ஒரு தனி வீட்டின் தோற்றக்கூறாகக் கருதுவதே பொதுவான வழக்கம். மழைநீர் யாருடைய நிலத்தில் விழ வேண்டும், பாரத்தை எந்தச் சுவர் தாங்க வேண்டும் என்பன குறித்து அண்டை வீடுகளுக்கிடையே நிலவிய ஏற்பாடாகவும் அதனைக் காண வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: சாய்கூரை, முகடு, இறவாரம், நாட்டு ஓடு, மங்களூர் ஓடு, பொதுச்சுவர், கூத்தம்பலம், மயிலாப்பூர்.

முன்னுரை

ஒரு வேலையும் செய்யாமல் மேலே பார்த்தபடி படுத்திருப்பவரை ‘மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்’ என்று கூறும் வழக்கு சென்னையில் இன்றும் உண்டு. சொல்பவரும் சொல்லப்படுபவரும் பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்பவர்கள். அவர்கள் தலைக்கு மேல் மோடும் இல்லை, வளையும் இல்லை. மோடு அல்லது முகடு என்பது கூரையின் இரு சரிவுகளும் கூடும் உச்சி. வளை என்பது அவ்வுச்சியில் கிடையாக ஓடும் மரம். பொருள் போன பின்னும் சொல் நிற்கிறது. மட்டமான மேல்தளத்தையோ தமிழ் ‘மொட்டை மாடி’ என்கிறது. மேலே ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும், அது மழிக்கப்பட்டுவிட்டது என்னும் பார்வை இப்பெயரில் அடங்கியுள்ளதாகக் கொள்ளலாம்.

தமிழ்நாட்டுக் கட்டடக்கலை ஆய்வுகள் கோயில் விமானம், கோபுரம் ஆகியவற்றின்மீது செலுத்திய கவனத்தைக் குடியிருப்புக் கூரைமீது செலுத்தவில்லை. கற்கோயில் நிற்கிறது, ஓட்டு வீடு இடிக்கப்படுகிறது. இடிக்கப்படும்போது அதன் மரங்களின் பெயர்களும் தச்சரோடும் கொத்தரோடும் போய்விடுகின்றன. அக்கூரைகளில் எஞ்சியிருப்பவை நிற்கும்போதே அவற்றின் இயக்கத்தை விளங்கிக்கொள்வது தேவையாகிறது.

கூரைச் சொற்கள்

சங்க இலக்கியத்தில் கூரையின் தாழ்ந்த விளிம்பு ‘இறை’ எனப்படுகிறது. பிற்கால வழக்கில் இது இறப்பு, இறவாரம், இறவாணம் எனப் பல வடிவங்களில் வழங்குகிறது. இவை அனைத்தும் இறங்குதல் என்னும் கருத்தோடு இயைந்து நிற்பவை. தாழ்வாரம், அடிவாரம் ஆகிய இரு சொற்களிலும் ‘வாரம்’ வருவதும் எண்ணிப்பார்க்கத்தக்கது. ஒன்று கூரையின் தாழ்பகுதி, மற்றொன்று மலையின் தாழ்பகுதி. கூரை அமைக்கும் வினை ‘வேய்தல்’. ஓலை வேய்ந்தாலும் ஓடு வேய்ந்தாலும் பொன் வேய்ந்தாலும் வினைச்சொல் ஒன்றே. மட்டத் தளத்தை யாரும் வேய்வதில்லை; அதனை ‘ஒட்டுகிறார்கள்’ அல்லது ‘போடுகிறார்கள்’. வினை மாறும்போது வேலையின் தன்மையும் மாறுகிறது. வேய்ந்ததைப் பிரிக்கலாம், மீண்டும் வேயலாம். போட்ட தளத்தை உடைக்கத்தான் முடியும்.

பெரும்பாணாற்றுப்படை பல்வேறு நிலத்து மக்களின் குடியிருப்புகளை வேறுபடுத்திக் காட்டும்போது, கூரை எதனால் வேயப்பட்டது என்பதை முதன்மை அடையாளங்களுள் ஒன்றாகக் கொள்கிறது. எயினர் குடில் ஈந்தின் இலையால் வேயப்பட்டதாக அந்நூல் கூறும். சுட்ட ஓட்டின் பழமைக்குத் தொல்லியல் சான்று உண்டு. கீழடி அகழாய்வில் மேல் விளிம்பில் இரு துளைகளும் மேற்பரப்பில் விரலால் இழுத்த பள்ளங்களும் கொண்ட கூரை ஓடுகள் கிடைத்துள்ளன. துளைகள் மரச்சட்டத்தோடு ஓட்டைக் கட்டுவதற்கு உதவியிருக்க வேண்டும். பள்ளங்கள் நீரைக் கீழ்நோக்கி வழிநடத்துபவை. ஓட்டுக்கூரை தமிழ்நாட்டிற்கு ஐரோப்பியர் கொண்டுவந்த பொருள் என்னும் எண்ணத்திற்கு இவ்வோடுகளே போதுமான மறுப்பு.

சாய்கூரையின் வடிவம் கல்லிலும் பதிவாகியுள்ளது. மாமல்லபுரத்துத் திரௌபதி ரதம் ஓலைக்குடிலின் கூரையை அப்படியே கல்லில் காட்டுவது. பீம ரதத்தின் நீண்ட வளைகூரை ‘சாலை’ எனப்படும் வடிவம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் கீழைக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர் காணும் உச்சி இந்தச் சாலை வடிவமே. கலசங்கள் வரிசையாக நிற்கும் கோடு ஒரு கூரையின் முகடு. அம்முகட்டிற்கு நீரை வடிக்கும் வேலை எதுவும் இல்லை. அதன் அடியில் மாடவீதிகளில் இருந்த வீடுகளின் முகடுகளுக்கு அந்த வேலை இருந்தது.

மயிலாப்பூர் வரிசை வீடு

கோயிலைச் சுற்றிய மாடவீதிகளிலும் சித்திரக்குளத்தை ஒட்டிய தெருக்களிலும் இருந்த பழைய வீடுகள் தோளோடு தோள் ஒட்டியவை. மனையின் முகப்பு குறுகியது, ஆழம் மிக நீண்டது. திண்ணை, நடை அல்லது ரேழி, முற்றத்தைச் சூழ்ந்த கூடம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை என்று வீடு உள்நோக்கிச் செல்லும். இத்தகைய வீட்டிற்குக் கூரை அமைப்பதில் முதலில் தீர்மானிக்க வேண்டியது முகடு எத்திசையில் ஓட வேண்டும் என்பதாகும்.

முகடு தெருவுக்குச் செங்குத்தாக ஓடினால் இரு சரிவுகளும் பக்கத்து வீடுகளை நோக்கி இறங்கும். ஒவ்வொரு பக்கச் சுவரின் மேலும் இரு வீடுகளின் மழைநீர் சேரும். அங்கே நீண்ட வாய்க்கால் ஒன்று தேவைப்படும். அவ்வாய்க்கால் அடைத்தால் இரு வீடுகளும் நனையும். முகடு தெருவுக்கு இணையாக ஓடினால் முன்சரிவின் நீர் தெருவிலும் பின்சரிவின் நீர் அவரவர் முற்றத்திலும் விழும். அண்டை வீட்டின்மீது ஒரு துளியும் விழாது. வரிசை வீடுகள் இரண்டாவது முறையையே பின்பற்றின. தெரு முழுவதும் முகடுகள் ஏறத்தாழ ஒரே கோட்டில் அமைந்ததற்கு அழகுணர்ச்சியைக் காட்டிலும் நீர் வடியும் முறையே காரணம்.

இம்முடிவு பாரம் இறங்கும் வழியையும் தீர்மானிக்கிறது. முகட்டு வளை தெருவுக்கு இணையாக ஓடுவதால் அதன் இரு முனைகளும் வீட்டின் இரு பக்கச் சுவர்கள்மீது அமர்கின்றன. மனையின் அகலம் குறைவாதலால் ஒரே மரம் அல்லது நடுவில் ஒரு தாங்கலோடு இணைத்த இரு மரங்கள் போதும். வளையிலிருந்து முன்சுவருக்கும், பின்புறம் முற்றத்தைச் சுற்றிய மரத்தூண்களின் மேலுள்ள உத்திரத்திற்கும் கைமரங்கள் இறங்கும். இரு கைமரங்கள் உச்சியில் ஒன்றையொன்று சாய்ந்து நிற்கும் கூரை, கீழே சுவரை வெளிப்புறமாக உந்தும். சமமாகப் பரவிய பாரத்தைத் தாங்கும் ஓர் இணைக் கைமரங்களில் இவ்வுந்துவிசை, ஒரு கைமரத்தின் மொத்தப் பாரத்தில் 30 பாகைச் சரிவில் ஏறத்தாழ 87 விழுக்காடும் 45 பாகையில் 50 விழுக்காடும் ஆகும். சரிவு குறையக் குறைய உந்துவிசை கூடுகிறது. இதனைத் தடுக்கவே பெரிய கூரைகளில் கைமரங்களின் அடிகளை இணைக்கும் குறுக்குவிட்டமும் முக்கோணச் சட்டகமும் தேவைப்படுகின்றன. முகட்டு வளையே திடமான சுவர்கள்மீது அமர்ந்திருந்தால் கைமரம் வளையில் தொங்கி நிற்கும், சுவரை உந்தாது. மயிலாப்பூர் வீட்டின் கூரை இவ்வாறு எளிமையாக இருந்ததற்குக் காரணம், அதன் பாரத்தில் பெரும்பகுதியைப் பக்கச் சுவர்கள் ஏற்றுக்கொண்டதேயாகும். அச்சுவர் பல இடங்களில் இரு வீடுகளுக்கும் பொதுவான ஒரே சுவர். ஒரு வீட்டின் முகட்டு வளை முடியும் இடத்திற்கு மறுபுறம் அடுத்த வீட்டின் வளை தொடங்கும்.

முற்றத்தைச் சூழ்ந்த நான்கு சரிவுகளும் உள்நோக்கி இறங்குபவை. அவை ஒன்றையொன்று சந்திக்கும் நான்கு மூலைகளிலும் பள்ளமான கோடுகள் உருவாகும். ஓட்டுக்கூரை முதலில் ஒழுகும் இடம் இதுவே. அதற்கு வடிவியல் காரணம் உண்டு. இரு சரிவுகளும் 30 பாகையில் இறங்கினால் அவை கூடும் மூலைக்கோடு ஏறத்தாழ 22 பாகையில்தான் இறங்கும். அதாவது, கூரையில் மிகுதியான நீரைச் சுமக்கும் கோடே மிகக் குறைந்த சரிவு கொண்டதாக அமைகிறது. எனவே இம்மூலைகளில் ஓட்டை நம்பாமல் தகரத்தை வளைத்துப் பதித்தனர். அதன் வாயில் முற்றத்தை நோக்கி நீட்டிய தகரத் தூம்பு பொருத்தப்பட்டது. மழை நாளில் முற்றத்தின் நான்கு மூலைகளிலும் அண்டாவும் தவலையும் வைத்து நீர் பிடித்த வழக்கம் இவ்வமைப்பின் நேர் விளைவு.

நாட்டு ஓட்டைக் குயவர் சக்கரத்தில் வனைந்தனர். ஒரு முனை சற்றே குறுகிய உருளையாக வனைந்து, பச்சையாக இருக்கும்போதே நெடுக்காகக் கீறி, காய்ந்தபின் இரண்டாகப் பிளந்து சுட்டனர். ஒரு முனை குறுகியிருப்பதால் ஒன்றன் வாயில் மற்றொன்று செருகி நிற்கும். கைமரங்கள்மீது மூங்கில் பிளாச்சு அல்லது பனஞ்சட்டத்தால் வரிச்சு கட்டி, கீழ்வரிசை ஓடுகள் குழி மேல்நோக்கியும் மேல்வரிசை ஓடுகள் குழி கீழ்நோக்கியும் அடுக்கப்படும். கீழ்வரிசை வாய்க்கால், மேல்வரிசை அதன் மூடி. இங்கே ஆணி இல்லை, பூட்டு இல்லை. தன் எடையாலும் அடுத்த ஓட்டின் உராய்வாலும் மட்டுமே ஒவ்வோர் ஓடும் நிற்கிறது. பூனை நடந்தாலே நகரும் கூரை இது.

அதனால்தான் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஓடு மாற்றுதல் என்னும் பராமரிப்பு வேலை இருந்தது. ஓடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தூசும் சருகும் நீக்கி, உடைந்தவற்றை விலக்கி, உளுத்த வரிச்சை மாற்றி, மீண்டும் அடுக்குவர். இதனை வெறும் செலவாகக் கணக்கிடுவது பிழை. மரத்தில் கறையான் ஏறியிருப்பதும் வளை தொய்ந்திருப்பதும் அப்போதுதான் கண்ணுக்குப் படும். ஓடு மாற்றுதல் கூரைக்குச் செய்யப்பட்ட ஆண்டுச் சோதனையாகவும் அமைந்தது. அண்டை வீட்டு ஓரத்தில் ஓட்டைப் பிரிக்க அடுத்த கூரையில் கால் வைக்காமல் முடியாது. ஒரு வீட்டின் பராமரிப்பு மற்ற வீட்டின் இசைவை எதிர்பார்த்து நின்றது.

இந்த இசைவுக்கு ஒரு வேலியும் இருந்தது. அக்கிரகாரம் ஒரே சாதியினர் வாழ்ந்த தெரு. கூரையைப் பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கை அவ்வெல்லைக்குள் நின்றது. அதே மயிலாப்பூரின் கடற்கரை ஓரத்தில், மீனவர் குப்பங்களில், கூரை என்றால் கீற்று. கீற்று என்றால் கோடையில் தீ. தீப்பற்றும் குடிசைகளுக்கு மாற்றாக உறுதியான அடுக்கு வீடுகள் கட்டும் நோக்கத்தோடு 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டபோது, மட்டமான கான்கிரீட் தளம் அம்மக்களுக்குப் பாதுகாப்பாகவும் மதிப்பாகவும் வந்தது. ‘கூரை வீடு’ என்னும் தொடர் ஏழை வீட்டையே குறித்த சமூகத்தில் சாய்கூரையின் மறைவை எல்லோரும் ஒரே விதமாக இழப்பென்று உணர்ந்திருக்க இயலாது.

மங்களூர் ஓடு

அல்சாசு நாட்டின் கிலார்டோனி உடன்பிறந்தார் 1841இல் உரிமம் பெற்ற, ஒன்றோடொன்று கவ்வும் ஓடு ஐரோப்பியக் கூரைத் தொழிலை மாற்றியது. அல்சாசை அடுத்த பாசல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாசல் மிஷன் 1865இல் மங்களூரின் ஜெப்புவில் ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவியது. அங்கிருந்தும் பின்னர் தோன்றிய மேற்குக் கரைத் தொழிற்சாலைகளிலிருந்தும் வந்த ஓடு தமிழ்நாட்டில் ‘சீமை ஓடு’ எனப் பெயர்பெற்றது. மங்களூர்க் களிமண்ணில் செய்த பொருளுக்குச் சீமை என்னும் அடைமொழி கிடைத்தது, அதன் வடிவம் வந்த வழியை மக்கள் சரியாகவே உணர்ந்திருந்ததைக் காட்டுகிறது.

இந்த ஓட்டின் அடிப்புறத்தில் உள்ள குமிழ்கள் ரீப்பர் எனப்படும் குறுக்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். பக்க விளிம்பில் உள்ள பள்ளமும் மேடும் அடுத்த ஓட்டைக் கவ்வும். ஏறத்தாழ 41 செ.மீ. நீளமும் 23 முதல் 26 செ.மீ. அகலமும் கொண்ட இவ்வோடு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு முதல் மூன்று கிலோ எடை. இரண்டு, மூன்று அடுக்காக வேயப்படும் நாட்டு ஓட்டைவிட இதன் பாரம் குறைவு. ஆனால் ரீப்பர்களின் இடைவெளி ஓட்டின் நீளத்திற்குத் துல்லியமாகப் பொருந்த வேண்டும். நாட்டு ஓடு கோணலான மூங்கிலையும் பொறுத்துக்கொள்ளும். மங்களூர் ஓடு அறுத்த நேரான சட்டத்தையே கேட்கும். கூரை வேலை குயவர் கையிலிருந்து மர அறுவைக் கூடத்திற்கும் தொழிற்சாலைக்கும் நகர்ந்தது இதனால்தான். அதே அச்சில் வார்த்த கண்ணாடி ஓடு இருட்டுக் கூடத்தில் ஒரு சதுர ஒளியை விழச்செய்தது. இது தொழிற்சாலைத் துல்லியத்தின் நன்மை.

மங்களூர் ஓட்டுக்குப் பொதுவாக 25 முதல் 30 பாகைச் சரிவு வேண்டும். கீற்றுக்கு இன்னும் செங்குத்தான சரிவு தேவை. சரிவு குறைந்தால் காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழை ஓடுகளின் மேற்கவிவுக்குள் ஏறும். கூடினால் மரமும் ஓடும் மிகுதியாகத் தேவைப்படும். 3 மீட்டர் கிடைநீளத்தை 30 பாகையில் மூட 3.46 மீட்டர் கைமரம் போதும். 45 பாகையில் 4.24 மீட்டர் வேண்டும்.

வெப்பம் குறித்துப் பரவலான ஒரு கருத்தைத் திருத்துவது நல்லது. சாய்ந்திருப்பதால் ஓட்டுக்கூரைமேல் குறைந்த வெயில் விழுகிறது என்பர். ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் உள்ள சென்னையில் ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்டு நடுப்பகுதியிலும் நண்பகல் ஞாயிறு தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது வீட்டின் தரைப்பரப்புக்கு உரிய வெயில், கூரை எவ்வளவு சாய்ந்திருந்தாலும், முழுமையாகவே விழுகிறது. ஓட்டு வீட்டின் குளிர்ச்சிக்குச் சரிவைவிட, சரிவினால் கிடைக்கும் உயரமும் ஓட்டிடுக்குகளுமே காரணம். வெப்பக்காற்று முகட்டுக்கு ஏறி இடுக்குகள் வழியே வெளியேறும். மெல்லிய ஓடு அந்தி சாய்ந்ததும் விரைவில் ஆறிவிடும். கான்கிரீட் தளம் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் அறைக்குள் உமிழ்வது சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டாத செய்தி.

காற்றின் கணக்கு

இந்தியத் தர நிர்ணயம் சென்னைக்கு வகுத்துள்ள அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அவ்வேகத்தில் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,500 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ எடைக்கு ஒப்பானது. அதே பரப்பில் உள்ள மங்களூர் ஓடுகளின் எடை 30 முதல் 45 கிலோ மட்டுமே. காற்றுக்கு மறைவான சரிவிலும் முகட்டிலும் இறவார விளிம்பிலும் காற்று கூரையை அழுத்துவதில்லை, மேல்நோக்கி உறிஞ்சுகிறது. எளிய கணக்குப்படி ஒவ்வொரு புயலிலும் ஓட்டுக்கூரை முழுவதும் பறந்திருக்க வேண்டும்.

அவ்வாறு நிகழாததற்கு மீண்டும் ஓட்டிடுக்குகளே காரணம். இடுக்குகள் வழியே காற்று கசிவதால் ஓட்டின் மேலும் கீழும் உள்ள அழுத்த வேறுபாடு குறைகிறது. தகரத் தகடோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கூரையில் இத்தகைய கசிவு இல்லை. அது மொத்தமாக இழுபடும். ஓட்டுக்கூரையில் ஓரத்து ஓடுகளே முதலில் பெயர்கின்றன. எனவே இறவார வரிசையைக் கம்பியால் கட்டுவதும் முகட்டு ஓடுகளைச் சுண்ணாம்புக் காரையில் பதிப்பதும் மரபு. வரிசை வீடுகளில் பக்க விளிம்பே இல்லை. பக்கத்து வீடு அதனை மறைத்து நிற்கிறது. தெருவின் இரு கோடியில் உள்ள வீடுகள் மட்டுமே காற்றுக்குப் பக்கம் காட்டுபவை.

தியாகராய நகர்: தளத்தின் வெற்றி

நீதிக்கட்சி ஆட்சியில், 1920களில், நெடிய ஏரி ஒன்றைத் தூர்த்த நிலத்தில் உருவான தியாகராய நகரில் வீடுகள் தனித்தனி மனைகளின் நடுவில் நின்றன. நான்கு புறமும் வெற்றிடம் இருந்ததால் நீரை எத்திசையிலும் விடலாம். சாய்கூரைக்கு மயிலாப்பூரில் இருந்த கட்டுப்பாடு எதுவும் இங்கில்லை. இருந்தும் இங்கே வென்றது மட்டத் தளம்.

மட்டத் தளம் சென்னைக்குப் புதிதன்று. தேக்கு உத்திரங்கள்மேல் சிறிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் செங்குத்தாக நிறுத்தி, மேலே செங்கல் ஜல்லிக் காரையை இடித்து இறுக்கி, தட்டோடு பதித்து முடிக்கும் ‘மெட்ராஸ் டெரஸ்’ நகரின் பெயரையே தாங்கியது. வசதியுள்ளவரின் மெத்தை வீடு அதுதான். சிமெண்டும் இரும்புக் கம்பியும் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் அதே மட்டம் மலிவாகக் கைகூடியது. வடாம் உலர்த்தவும் கோடை இரவில் படுக்கவும் மாடி பயன்பட்டது. ஆயினும் முதன்மைக் காரணம் வேறு. ஓட்டுக்கூரை போட்ட வீடு முடிந்துபோன வீடு. அதன் தலைமேல் இன்னொரு தளம் எழ முடியாது. மட்டத் தளமோ அடுத்த தளத்தின் தரை. நில மதிப்பு ஏறிக்கொண்டிருக்கும் நகரில் இந்த வாய்ப்பை எந்த உரிமையாளரும் எளிதில் கைவிடமாட்டார். தியாகராய நகரின் தனி வீடுகள் அடுக்குமாடிகளாகவும் வணிக வளாகங்களாகவும் மாறியதில் இவ்வாய்ப்பு முழுமையாகப் பயன்பட்டது.

சாய்கூரை அங்கே இப்போது இரு வடிவங்களில் திரும்பியுள்ளது. ஒன்று, சாய்வாக வார்த்த கான்கிரீட் தளத்தின்மேல் சிமெண்டுக் கலவையில் ஒட்டப்படும் ஓடு. நீரைத் தடுப்பது தளம். ஓடு அதற்கு உடை மட்டுமே. இடுக்கும் காற்றோட்டமும் இல்லாததால் ஓட்டுக்கூரையின் பயன்களுள் பாரம் ஒன்றே மிஞ்சுகிறது. மற்றொன்று, மொட்டை மாடிமேல் இரும்புக் குழாய் நட்டுப் போடப்படும் வண்ணத் தகடு. ஒழுகும் தளத்தையும் மேல்தள வெப்பத்தையும் சமாளிக்க எழுந்த இது அழகற்றது; ஆயினும் முதலாவதைவிட நேர்மையான சாய்கூரை. நீர் வடிகிறது, தகட்டுக்கும் தளத்துக்கும் இடையே காற்று ஓடுகிறது. புயலில் குழாயின் அடிப்பிடிப்பே அதன் பலவீனம்.

அடையாறு: கூத்தம்பலம்

1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாற்றில் தொடங்கிய கலாக்ஷேத்திரா, பின்னர் அடையாற்றை அடுத்த திருவான்மியூருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே 1980களில் எழுந்த அரங்கம், கேரளக் கோயில்களில் கூடியாட்டம் நிகழும் கூத்தம்பலத்தை முன்மாதிரியாகக் கொண்டது. வடிவமைத்தவர் பொறியாளரும் கூடியாட்ட அறிஞருமான டி. அப்புக்குட்டன் நாயர். திருச்சூர் வடக்குநாதர் கோயிலிலும் இரிஞ்ஞாலக்குடாவிலும் உள்ள கூத்தம்பலங்களின் பெருங்கூரை, ஆண்டுக்கு ஏறத்தாழ 300 செ.மீ. மழை பெறும் நிலத்திற்கு உரியது. சென்னையின் மழை சுமார் 140 செ.மீ.; அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடும்.

மழை பாதிக்கும் குறைவான இடத்தில் அத்தகைய கூரைக்கு என்ன தேவை என்னும் வினா எழும். கூத்தம்பலத்தின் கூரை மழைக்காக மட்டும் உயர்ந்ததன்று. உயர்ந்த சரிவுகள் ஒலியை இணையான இரு பரப்புகளுக்கிடையே சிக்கி எதிரொலிக்கவிடாமல் சிதறடிக்கின்றன. மரச்சட்டங்கள் அச்சிதறலுக்குத் துணைபுரிகின்றன. தாழ்ந்த இறவாரம் வெயிலைத் தடுத்து, திறந்த பக்கங்கள் வழியே கடற்காற்றை உள்ளே விடுகிறது. மயிலாப்பூர்க் கூரை நீரின் ஏற்பாடு என்றால், இது குரலின் ஏற்பாடு. விரிந்த வளாகத்தில் தனித்து நிற்பதால் அண்டைச் சுவரின் துணையும் அதற்கு இல்லை. உந்துவிசையை அதன் சட்டகமே ஏற்க வேண்டும். அருகருகே உள்ள இரு பகுதிகளில் ஒரே சரிவு இரு வேறு கட்டுமானங்களைக் கேட்பதை மாணவர்களுக்குக் காட்ட இவ்விரண்டையும்விடப் பொருத்தமான இணை சென்னையில் அரிது.

பொதுச்சுவரின் இன்றைய நிலை

தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 100 சதுர மீட்டர் தரைப்பரப்பை மூடும் கூரைமேல் சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,40,000 லிட்டர். கூரை சாய்ந்திருப்பதால் இவ்வளவு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆனால் முற்ற வீட்டில் அந்நீரில் ஒரு பெரும்பகுதி குழாயின்றியே முற்றத்தை அடைந்துவிடும். சட்டம் கேட்டதைச் செய்துகொண்டிருந்த வீடுகள் அதே ஆண்டுகளில் வேகமாக இடிபட்டன.

இடிபடுவது ஒரு வீடு. பாதிக்கப்படுவது மூன்று வீடுகள். வரிசையின் நடுவில் ஒன்று நீங்கி நான்கு தளக் கட்டடம் எழுந்தால், இருபுறமும் எஞ்சிய ஓட்டுச் சரிவுகள் இப்போது உயர்ந்த சுவரில் முட்டி நிற்கின்றன. பொதுச்சுவர் இடிக்கப்பட்டிருந்தால் முகட்டு வளையின் ஒரு முனைக்குத் தாங்கல் புதிதாகத் தேட வேண்டும். சுவர் நின்றிருந்தாலும், உயர்ந்த புதுச்சுவரின் முகத்தில் அடிக்கும் மழை முழுவதும் வழிந்து ஓடும் சுவரும் சேரும் இடுக்கில் இறங்கும். பழைய கூரை இவ்விடத்தில் இத்தகைய நீரை எதிர்பார்த்து அமைக்கப்படவில்லை. அங்கே இதுவரை இருந்தது சம உயரத்தில் இன்னொரு கூரை.

இவ்விடுக்கைச் சிமெண்டுப் பூச்சால் அடைப்பதே நடைமுறை. ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் மரத்தோடு சேர்ந்து ஓடு அசைகிறது, சிமெண்டு அசைவதில்லை. ஓரிரு பருவங்களில் பூச்சு வெடித்து, நீர் கைமரத்தின் சுவரோர முனையை நனைத்து உளுக்கச் செய்கிறது. சரியான முறை, நாகத் தகட்டை மடித்து ஒரு விளிம்பை ஓட்டின்மேல் தளர்வாகவும் மற்றொரு விளிம்பைச் சுவரில் வெட்டிய காடிக்குள் இறுக்கமாகவும் பொருத்துவதாகும். அப்போது மரம் தன் போக்கில் அசையலாம், நீரும் உள்ளே செல்லாது. அந்தக் காடியை வெட்ட வேண்டிய சுவர் அடுத்த கட்டடத்தினுடையது. முன்பு அதற்கு ஒரு வீட்டுக்காரரின் இசைவு போதும். இப்போது அடுக்குமாடியின் உரிமையாளர் அனைவருடைய இசைவும் வேண்டும்.